கைப்பிடிக்கு ஒரு முகம்

மார்ச் 3, செவ்வாய், காலை 9.40

அக்கா,

நேற்றிலிருந்து உன்னைக் கூப்பிட்டது பதினொரு முறை. நீ எடுத்தது ஒரு முறைகூட இல்லை. அதனால் இந்த மெயில். இதையும் படிக்காமல் விட்டால் அடுத்தது மாமா ஆபீஸுக்குத்தான் போன் போகும். உன் வீட்டுக்காரர் மீட்டிங்கில் இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

விஷயம் இது. நீ கோபித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு டிசைனரைப் பிடித்துக் கொடுத்தாயே, அவரை நேற்றுப் போய்ப் பார்த்தேன். பெரிய மருத்துவச் சாதனக் கடைக்காரர் கண்காட்சியில் சொன்னதை நீயும்தான் கேட்டாய். "பொருள் நல்லாயிருக்கு, பெட்டியைப் பார்த்தா பைப் கடை ஞாபகம் வருது. முகத்தை மாத்திக்கிட்டு வாங்க, எல்லாக் கிளையிலயும் வெக்கிறோம்." ஜூனுக்குள் செய்யவில்லை என்றால் வேறு கம்பெனிக்கு அந்த அலமாரி போய்விடும். அதற்காகத்தான் போனேன், ஆசைப்பட்டுப் போகவில்லை.

அறைக்குள் நுழைந்ததும் தெளிவாகச் சொன்னேன். "குளியலறைச் சுவர்ல மாட்டற ஸ்டீல் கைப்பிடி செய்யறோம். வயசானவங்க, ஆபரேஷன் ஆனவங்க பிடிச்சுக்கறதுக்கு. லோகோ, கலர், பெட்டி, மூணும் வேணும். எத்தனை நாள் ஆகும்?"

அந்தம்மா என் கையில் இருந்த பையைப் பார்த்தார். "உங்க பேர் போட்டதை எல்லாம் மேஜையில வைங்க" என்றார். பெட்டி, ஸ்டிக்கர், பில், விசிட்டிங் கார்டு, பனியன் எல்லாம் வைத்தேன்.

"இதுல எத்தனை நீலம் இருக்கு?"

"ஒண்ணுதான்."

"அஞ்சு" என்றார். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பிரஸ்காரன் மாறினால் மையும் மாறத்தான் செய்யும், அதற்கு நான் என்ன செய்வேன்?

அதோடு விடவில்லை. ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். இரண்டு பார்ட்னர்களும் தனித்தனியாக எழுத வேண்டுமாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாதாம். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து நமக்கே திருப்பி அனுப்புவாராம். பதில்கள் ஒத்துப் போனால்தான் பென்சிலைத் தொடுவாராம். இது என்ன பரீட்சையா என்று கேட்டேன். "பரீட்சைன்னா பாஸ் பண்ணிடுவீங்க" என்றார். என்ன அர்த்தமோ.

நான் பன்னிரண்டு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். உன் தாள் இதோடு இருக்கிறது. கூட்டம் 18ஆம் தேதி, புதன். அன்றைக்கு ஆரம்பிக்கவில்லை என்றால் அவருக்கு ஜூலை வரை நேரம் இல்லை. சீக்கிரம் எழுது. கதை எழுதாதே.

தம்பி

---

மார்ச் 5, வியாழன்

தம்பிக்கு,

மாமாவுக்குப் போன் செய்வேன் என்று மிரட்டாதே. தாராளமாகச் செய். "என்ன மாப்ளே, எப்படி இருக்கே" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசிவிட்டு, நீ எதற்குக் கூப்பிட்டாய் என்றே கேட்காமல் வைத்துவிடுவார்.

அம்மாவைத் தூது விடுவதையும் நிறுத்து. என் உடம்பைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்து, சுற்றி வளைத்து "அவன் ரொம்ப மெலிஞ்சுட்டான்டி" என்பதில் வந்து நிற்கிறாள். நீ மெலியவில்லை. போட்டோவில் பார்த்தேன்.

கேள்வித்தாளை எழுதி டிசைனருக்கு நேராக அனுப்பிவிட்டேன். எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்ததை நீ பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாய். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் என்ன எழுதியிருப்பாய் என்று எனக்கு ஓரளவு தெரியும். என் கணிப்பு தப்பாக இருந்தால் சந்தோஷப்படுவேன்.

நான் எழுதியது உனக்காக இல்லை. பட்டறையில் நாலு குடும்பம் பிழைக்கிறது, அதற்காக. இதை வைத்து நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று கணக்குப் போடாதே.

அக்கா

---

மார்ச் 7, சனி

அக்கா,

இரண்டு தாளும் வந்துவிட்டன. நீயும் பார்த்திருப்பாய். எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எட்டாவது கேள்வி. "உங்கள் கம்பெனியின் பெரிய பலவீனம் எது?" நான் எழுதியது: டெலிவரி தாமதம். நீ எழுதியது: என் தம்பி.

அவ்வளவுதான். காரணம் இல்லை, விளக்கம் இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தரிடம் சொந்த அக்கா எழுதிக் கொடுக்கிற பதிலா இது? கம்பெனியைப் பற்றிக் கேட்டால் என்னைப் பற்றி எழுதுகிறாய்.

மூன்றாவது கேள்வி. "வாடிக்கையாளர் உங்களிடம் வாங்குவது என்ன?" நான் எழுதியது: முப்பத்திரண்டு மில்லிமீட்டர் துருப்பிடிக்காத ஸ்டீல் குழாய், இரு முனையிலும் தட்டு, ஆறு திருகு, நூற்றைம்பது கிலோ தாங்கும். நீ எழுதியது: குளியலறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும் உரிமை. நாம் தாழ்ப்பாள் விற்கவில்லை, அக்கா. அதை விற்கிறவன் அடுத்த தெருவில் இருக்கிறான்.

ஐந்தாவது கேள்வியைப் பற்றிப் பேசவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. "உங்கள் கம்பெனி ஒரு மனிதராக இருந்தால் எப்படிப் பேசுவார்?" கம்பெனி பேசாது என்று எழுதினேன். சரியான பதில் அதுதான். நீ முக்கால் பக்கம் எழுதியிருக்கிறாய். மெதுவாகப் பேசுவாராம், வேலை முடிந்ததும் வெளியே போய்விடுவாராம்.

அந்தம்மா மூன்று கேள்விகளைச் சிவப்புப் பென்சிலால் சுழித்திருக்கிறார். ஆரம்பித்தது யார், வாங்குவது என்ன, கடைசி முடிவு யாருடையது. கீழே ஒரு வரி: "இந்த மூன்றும் ஒன்றாகும்வரை நான் வரைய மாட்டேன்." என் காசை வாங்கிக்கொண்டு எனக்கே நிபந்தனை போடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

நேரம் இல்லை. உன் தாளைத் திருத்தி அனுப்பு.

தம்பி

---

மார்ச் 8, ஞாயிறு

தம்பிக்கு,

எந்தத் தாளைத் திருத்த வேண்டும் என்று பார்க்கலாமா?

முதல் கேள்வி. "இதை ஆரம்பித்தது யார், எப்படி?" உன் பதில்: "நான். மெக்கானிக்கல் முடித்த பிறகு." எனக்கு எட்டாவது கேள்வியில் ஒரு வரி போதும் என்றால், உனக்கு முதல் கேள்வியில் ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்திருக்கிறது.

முதல் கைப்பிடி எங்கே மாட்டினோம், சொல். என் வீட்டில். என் மாமியாருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி வந்த மாதம். தினமும் காலையில் நான் உள்ளே நின்று பிடித்துக்கொள்வேன். அந்த அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே குளிப்பார். எனக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. இருபது வருஷம் பள்ளிக்கூடத்தை நடத்திய பெண், மருமகளிடம் "முதுகைத் திருப்பிக்கோ" என்று சொல்லக்கூட வாய் வராமல் நின்றார். அன்றைக்குத்தான் உன்னைக் கூப்பிட்டு, "சுவர்ல பிடிச்சுக்க ஒரு கம்பி வேணும்டா, உடனே செஞ்சு கொடு" என்றேன். கேட்டவள் நான். செய்தவன் நீ. நீ அருமையாகச் செய்தாய், அதை எந்தக் காலத்திலும் மறுக்க மாட்டேன். ஆனால் கேட்டவள் யார்?

கண்காட்சியில் அந்தக் கடைக்காரர் என்னைக் காட்டி "இவங்க?" என்றபோது நீ சொன்னதும் அதே கணக்குத்தான். "இவங்க எங்க சேல்ஸ்." அக்கா என்று சொல்லியிருக்கலாம். பார்ட்னர் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் சிரித்திருந்தால்கூட நான் ஊருக்குக் கிளம்பியிருக்க மாட்டேன்.

கடைசி முடிவு யாருடையது? நீ "நான்" என்கிறாய். நான் "இருவரும்" என்று எழுதினேன். ஒரே பெயர்தான் வேண்டும் என்று டிசைனர் ஓரத்தில் எழுதியிருப்பதையும் பார்த்தேன்.

அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் தாள் அப்படியே நிற்குமானால் 18ஆம் தேதி காலைக்குள் கம்பெனியிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. கையெழுத்துப் போட நான் தயார். அக்கா தம்பியாக இருப்போம், பார்ட்னராக வேண்டாம்.

அக்கா

---

மார்ச் 10, செவ்வாய்

அக்கா,

பெயரை எடுத்துவிடு என்று எழுதுவது சுலபம். பொறுப்பு யார் மேல் என்று யோசித்தாயா?

மாடி வீட்டுத் தையல்காரம்மா ஞாபகம் இருக்கிறதா? நீ போனாய், அந்த அம்மா அழுதார், நீ "மாட்டிடலாம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாய். நான் துளைக் கருவியோடு போய் அந்தச் சுவரைத் தட்டினேன். சுவரே இல்லை அது, வெறும் பலகைத் தடுப்பு. அதில் மாட்டினால் அந்த அம்மா விழும்போது நம் கம்பியும் சேர்ந்து விழும், அவர் தலைமேல். முடியாது என்று சொன்னது நான். திட்டு வாங்கியதும் நான். அழுகிறவர்களிடம் முடியாது என்று சொல்ல இந்தக் கம்பெனியில் ஒரு ஆள் வேண்டும். அதனால்தான் கடைசி முடிவு "நான்" என்று எழுதினேன். கர்வத்தில் எழுதவில்லை.

உரிமை, மெதுவான பேச்சு என்று நீ எழுதியதெல்லாம் கவிதை. கவிதையை நான் நம்புவதில்லை. அதனால் ஒன்று செய்யப் போகிறேன். நம்மிடம் வாங்கியவர்களில் முப்பது பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்துப் போன் செய்வேன். ஏன் வாங்கினீர்கள்? அ, பலம். ஆ, துருப்பிடிக்காது. இ, விலை. வந்த பதிலை அப்படியே அனுப்புவேன். என் பக்கம் வந்தால் நீ உன் தாளைத் திருத்த வேண்டும். பேச்சு மாறக் கூடாது.

தம்பி

---

மார்ச் 11, புதன்

தம்பிக்கு,

தாராளமாகக் கூப்பிடு.

டிசைனர் காலையில் என்னிடம் பேசினார். நீயே ஒரு லோகோ வரைந்து எடுத்துக்கொண்டு போனாயாமே. அதை ஏன் மெயிலில் எழுதவில்லை? ஒரு முஷ்டி கம்பியைப் பிடித்திருக்கிறதாம், நடுவில் 150 என்று இருக்கிறதாம், சுற்றிலும் அளவுக் கோடுகளாம். "உங்க தம்பி லோகோவுக்கே டாலரன்ஸ் போட்டிருக்கார்மா. அரை மில்லிமீட்டர் கூடலாம், குறையலாமாம்" என்றார். அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வரைஞ்சதையே திருப்பி வரையறதுக்கு ஆள் வேணும்னா பக்கத்துத் தெருவுல இருக்காங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார்.

முஷ்டியாம். குளியலறையில் என்ன, குத்துச்சண்டையா நடக்கிறது?

தையல்காரம்மா விஷயத்தில் நீ சொன்னது சரி. இதை இன்னொரு தடவை எழுத மாட்டேன், வேண்டுமென்றால் அச்சடித்து வைத்துக்கொள். ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டு நீ கிளம்பி வந்துவிட்டாய். அடுத்த வாரம் ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு போய், தடுப்புக்குப் பின்னால் கனமான மரச்சட்டம் கொடுத்து, அதில் மாட்டிவிட்டு வந்தது யார்? சட்டத்தின் அளவை உன்னிடம்தான் வாங்கினேன். "எதுக்கு?" என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அக்கா

---

மார்ச் 14, சனி

அக்கா,

போன் செய்து முடித்தேன். மூன்று நாள் போனது. இந்த மனிதர்களிடம் ஒரு நேரான கேள்வி கேட்டு நேரான பதில் வாங்க முடியவில்லை.

முதலில் எடுத்தவர் ரிட்டயர்டு கணக்காளர். பலமா என்று கேட்டேன். "நூத்தம்பது கிலோ தாங்கும்னு பெட்டியில போட்டிருக்கீங்க தம்பி. நான் நாப்பத்தொம்பது கிலோ. மீதி இடத்துல யாரை ஏத்திக்கட்டும்?" என்றார்.

அடுத்தது ஒரு பாட்டியம்மா. அ, ஆ, இ மூன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஈ போட்டுக்கோப்பா" என்றார்.

"ஈ-ன்னு ஒண்ணு இல்லம்மா."

"இருக்கு. என் மருமகன் என்னைத் தூக்கி உக்கார வைப்பான். தங்கமான பையன். அதான் பிரச்சினை."

இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

முன்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் உன்னை விசாரித்தார். "அந்தப் பொண்ணு வரலையா? வந்ததும் என் பையனைப் பார்த்து, நீங்க ஹால்ல இருங்கன்னு சொல்லிட்டு, எந்திரிக்கும்போது எங்க கை வைக்கறீங்கன்னு என்கிட்டக் கேட்டுச்சு. அதுவரைக்கும் டாக்டர்லேர்ந்து எல்லாரும் அவன்கிட்டத்தான் கேப்பாங்க, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

இன்னொரு அம்மாவுக்கு நம் பெட்டி மேல் கோபம். "முதியோர் பாதுகாப்புன்னு கொட்டை எழுத்துல போட்டு அனுப்பறீங்களே, கூரியர்காரன் கீழ் வீட்டுல கொடுத்துட்டுப் போயிட்டான். ஒரு வாரம் அந்தக் குடும்பமே என்னை மாடிப்படியில கையைப் பிடிச்சு ஏத்திச்சு. எனக்கு அம்பத்தாறு வயசுப்பா, முட்டியிலதான் வலி." அந்தக் கொட்டை எழுத்தை வைக்கச் சொன்னது நான். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று சொன்னேன். நன்றாகவே தெரிந்திருக்கிறது.

முடிவு: பலம் நாலு பேர், துரு இரண்டு பேர், விலை ஒருத்தர். மீதி எல்லாரும் ஈ.

நீ சிரிப்பாய் என்று தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வருகிறது, அதுவும் உன்மேல். மூன்று வருஷமாக இதெல்லாம் உன் காதில் விழுந்திருக்கிறது. நான் தப்பான பெட்டியை அச்சடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

தம்பி

---

மார்ச் 15, ஞாயிறு

தம்பிக்கு,

சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலிருந்து திரும்பி வந்தபோதும் சொன்னேன். நீ வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் "அது டேட்டா இல்லக்கா" என்பாய். இரண்டு தடவை தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சொன்னேன். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டு, நானே செய்ய ஆரம்பித்தேன்.

முப்பது பேரைக் கேட்டாய், நல்லது. பக்கத்தில் இருந்த ஒருத்தியைக் கேட்டிருந்தால் மூன்று நாள் மிச்சம்.

எனக்கு உன் கோபமும் வேண்டாம், உன் டேட்டாவும் வேண்டாம். முதல் கேள்விக்கும் கடைசி முடிவு யாருடையது என்ற கேள்விக்கும் என்ன பதில் என்று மட்டும் சொல். புதன் காலைவரை பார்ப்பேன். அங்கே வர டிக்கெட் எதுவும் போடவில்லை.

அக்கா

---

மார்ச் 16, திங்கள், காலை 11.15

அக்கா,

மன்னிப்புக் கடிதம் எதிர்பார்த்துத் திறந்தாய் என்றால் மூடிவிடு. எட்டாவது கேள்விக்கு நீ எழுதிய பதில் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. செரிக்கவும் செரிக்காது.

காலையில் டிசைனரின் அறைக்குப் போனேன். என் தாளைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "எழுதினதைக் கொடுக்க மாட்டேன், வேணும்னா புதுசா எழுதுங்க" என்று வெள்ளைத் தாளை நீட்டினார். சுழித்த மூன்று கேள்விகளுக்கு மட்டும் எழுதினேன். இந்த முறை பன்னிரண்டு நிமிஷத்தில் முடியவில்லை. அவர் இரண்டு தடவை டீ குடித்துவிட்டார்.

ஆரம்பித்தது யார்? "அக்கா கேட்டாள், தம்பி செய்தான்."

வாங்குவது என்ன? "கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும் உரிமை. அதைக் கொடுப்பதற்கு முன் சுவரைத் தட்டிப் பார்ப்போம்." முதல் வாக்கியம் உன்னுடையது, ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. இரண்டாவது என்னுடையது, நீயும் மாற்றக் கூடாது.

கடைசி முடிவு யாருடையது? "இருவரும்" என்று எழுதினால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "ரெண்டு பேர்னா ஒவ்வொரு கலருக்கும் ஒரு சண்டை வரும். உங்க சண்டையைப் பார்க்க எனக்கு நேரமில்லை. ஒரு பேர்" என்றார். எழுதினேன். உன் பெயர்.

இதைப் பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் போன் செய்த முப்பது பேரில் உன்னைத் தாங்களாகவே விசாரித்தவர்கள் பத்தொன்பது பேர். என்னை விசாரித்தவர் ஒருத்தர்கூட இல்லை. கம்பெனிக்கு முகம் என்று ஒன்று இருந்தால் அது ஏற்கெனவே எங்கே இருக்கிறது என்று அளந்து பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு நிபந்தனை மட்டும் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எழுத்து, கலர், பெட்டி எல்லாம் உன் இஷ்டம். ஆனால் ஒரு சுவர் தாங்காது என்று நான் சொன்னால் அது தாங்காது, அங்கே யார் அழுதாலும் சரி. டிசைனர் அதைப் படித்துவிட்டு, "இதை ஏன் பின்னாடி எழுதினீங்க? இதுவும் முன்னாடி வர வேண்டியதுதான்" என்றார். அந்தம்மா என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

உன் பெயரைக் கம்பெனியிலிருந்து எடுக்கப் போவதில்லை. அந்தக் கையெழுத்தை நீ போட வேண்டுமானால் நேரில் வந்து, என் முன்னால் உட்கார்ந்து போடு.

இனி நான் செய்யப் போவது:

1. இன்று மதியம் பிரஸ்ஸுக்குப் போன் செய்து, 'முதியோர் பாதுகாப்பு' பெட்டியை நிறுத்தச் சொல்வேன். கையில் இருக்கிற பெட்டிகளை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி மடித்து அனுப்புவோம். மடித்துப் பார்த்தேன், நிற்கிறது.

2. முஷ்டி வரைபடத்தை அழிக்க மாட்டேன். அது நன்றாகத்தான் இருக்கிறது. யாரிடமும் காட்டவும் மாட்டேன்.

3. நாளைக் காலை கடைக்காரருக்குப் போன் செய்து, "பெட்டி விஷயமா இனிமே எங்க பார்ட்னர்கிட்டப் பேசுங்க, எங்க அக்கா" என்று சொல்லி உன் நம்பரைக் கொடுப்பேன். அவர் போனையாவது எடு.

4. நம் பழைய ஸ்டிக்கர், பில், கார்டு எல்லாவற்றிலும் ஒவ்வொன்று பையில் போட்டு வைப்பேன். மேஜையில் நீயே எடுத்து வை. நான் வைத்தால் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

5. புதன் காலை உன் ஊரிலிருந்து வருகிற முதல் ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்பேன். டிக்கெட் போடவில்லை என்று எழுதியிருந்தாய், படித்தேன். அதற்கு அடுத்த ரயிலுக்கும் நிற்பேன்.

6. கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் வாயைத் திறக்க மாட்டேன். இந்தப் பட்டியலில் என்னால் முடியுமா என்று எனக்கே சந்தேகமாக இருப்பது இது ஒன்றுதான்.

தம்பி